எதிராளி மனசு புரியாமல் போன கணவர்: பயிற்சியால் மீட்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

வணக்கம். என் கணவருக்கு 57 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். போன வருஷம் பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் காட்டினோம். மூளையின் முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும் நோய், ஃப்ரன்டோடெம்பொரல் டிமென்ஷியா என்றார்கள். மறதிநோய்க் குடும்பம்தானாம், ஆனால் அவருக்கு மறதி பெரிதாக இல்லை. எந்த வயலில் எந்த ரகம் விதைத்தோம், கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை போட்டோம், யார் எவ்வளவு பாக்கி என்று எல்லாம் சொல்வார். எதிரில் இருப்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதுதான் அவருக்குத் தட்டுப்படுவதே இல்லை.

என் அண்ணன் தவறிப்போன செய்தி வந்து நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "காபி போடலையா?" என்றார். அண்ணன் வீட்டுக்குப் போனால், எடுப்பதற்கு முன்னாலேயே பந்தல்காரரிடம் "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். என் அண்ணி அதைக் காதால் கேட்டார். ஊரில் ஒரு துக்கம் என்றால் முதல் ஆளாய்ப் போய் நின்று, மூங்கில் வெட்டுவதிலிருந்து காட்டுக்குப் போய்த் திரும்புவது வரை கூடவே இருந்த மனுஷன் இவர்.

சுருங்குவதை நிறுத்த மருந்து கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அதனால் மருந்து கேட்டு எழுதவில்லை. மற்றவர் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டுப் புரிந்துகொள்வதைப் பயிற்சி கொடுத்துக் கொஞ்சமாவது மீட்க முடியுமா? நம் பக்கத்தில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அரசலாறு (கும்பகோணம்)

அக்கா, என் அப்பாவுக்குப் பார்க்கின்சன், கைநடுக்க நோய் என்பார்களே அது. எங்கள் வீட்டில் விஷயம் கொஞ்சம் திரும்பி இருக்கிறது. அப்பாவுக்கு உள்ளே எல்லாம் இருக்கிறது, முகத்தில் எதுவும் வருவதில்லை. பேரன் முதல் மார்க் வாங்கி வந்து காட்டினால் கல் மாதிரி பார்க்கிறார். பையன் "தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலை" என்று போய்விடுகிறான். ராத்திரி அம்மாவிடம் "புள்ள நல்லா வருவான்" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். முகத் தசை இறுகிப்போவதால் வருவது இது, மனசு இறுகியதாக அர்த்தமில்லை என்று டாக்டர் விளக்கினார்.

ஆனால் அப்பாவுக்கும் மற்றவர் முகம் முன்பு போலப் பிடிபடவில்லை என்று எனக்குச் சந்தேகம். அம்மா கோபமாக இருப்பது தெரியாமல் மேலே மேலே பேசுகிறார். இரண்டும் சேர்ந்து வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேச்சுப்பயிற்சி தஞ்சை

நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளோடுதான் அதிகம் வேலை. இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

மற்றவரைப் புரிந்துகொள்வது என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. முகத்தையும் குரலையும் வைத்து இது கோபம், இது வருத்தம் என்று இனம் காண வேண்டும். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர் நினைப்பது வேறாக இருக்கலாம் என்று கணக்குப் போட வேண்டும். அவர் வலியைப் பார்த்து நம் நெஞ்சும் கொஞ்சம் பதற வேண்டும். அப்புறம், எந்த இடத்தில் எப்படி இருப்பது என்ற ஊர் வழக்கு தெரிந்திருக்க வேண்டும். நோய்க்கு நோய் இதில் எது முதலில் அடிபடும் என்பது மாறும்.

வெண்ணாற்றங்கரை அம்மா, உங்கள் கணவருக்கு வந்திருக்கும் வகையை 1892-ல் பிராக் நகரத்தில் அர்னால்டு பிக் என்ற மருத்துவர் முதலில் எழுதிவைத்தார். பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் தொடங்கும். அதனால்தான் குடும்பங்கள் இதை நோய் என்று நினைக்காமல் திமிர், அலட்சியம், வேறு தொடர்பு என்று பல வருஷம் சண்டை போடுகின்றன. மூளையின் முன்பக்கத்தில் வான் எகனாமோ என்ற பெயரால் அழைக்கப்படும் பெரிய நரம்பு செல்கள் இருக்கின்றன. இந்த நோயில் அவைதான் முதலில் குறிவைத்து அழிகின்றன என்று 2006-ல் கண்டார்கள். அடுத்தவர் உணர்ச்சி நம் உடம்பில் தைப்பதற்கு அந்த இடம் முக்கியம். உங்கள் கணவர் நீங்கள் அழுததைக் கண்ணால் பார்த்திருக்கிறார், அது அவருக்குள் போய்ச் சேரவில்லை. உங்கள் மேல் பிரியம் இல்லாததால் நடந்தது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பயிற்சி. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் இந்த நோய் உள்ளவர்களுக்கு முகப் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். சாதாரண அளவு உணர்ச்சி உள்ள முகங்களை இனம்காணத் தவறியவர்கள், அதே உணர்ச்சியைக் கூட்டிக் காட்டியபோது மேலாகச் சொன்னார்கள். (பொட்டுப் பகுதி மட்டும் அதிகம் அடிபட்டு, சொற்களின் பொருளே கரைந்துபோகும் இன்னொரு வகை உண்டு, அவர்களுக்கு இது உதவவில்லை.) அதாவது கொஞ்சமாக முகம் சுளித்தால் பிடிபடாதது, மெலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் காட்டுகிற அளவுக்குக் காட்டினால் பிடிபட வாய்ப்பிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு ஒரு அரிய நோயால் மூளையில் அமிக்டலா என்ற பகுதி அழிந்த ஒரு பெண்மணியை அமெரிக்காவில் பல வருஷம் ஆராய்ந்தார்கள். பயந்த முகம் அவருக்குப் பயமாகத் தெரியாது. அவர் எதிராளியின் கண்ணையே பார்ப்பதில்லை என்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். "கண்ணைப் பாருங்கள்" என்று சொன்னதும் சரியாகச் சொல்லிவிட்டார். சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது.

என் அனுபவமும் இதேதான். சொல்லும்போது வரும், சொல்லாவிட்டால் தானாக வராது. மேசையில் உட்கார்ந்து படம் பார்த்துப் பழகியது தெருவுக்குக் கூட வருவது அபூர்வம். ஆகவே நினைவூட்டும் ஆளையும் சொல்லையும் அவர் புழங்குகிற இடத்திலேயே வைத்துவிடுங்கள். அழும்போது "எனக்கு வருத்தமாக இருக்கிறது, என் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உணர்ச்சியின் பெயர் ஒன்று, அவர் செய்ய வேண்டியது ஒன்று. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "நீங்களே புரிஞ்சுக்கணும்" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அரசலாறு தம்பி, பார்க்கின்சனில் இரண்டும் சேர்ந்து வரலாம். தன் முகம் அசையாமல் போவதோடு, பிறர் முகத்தில் கோபம், பயம் மாதிரி எதிர்மறை உணர்ச்சிகளை இனம்காண்பதும் பலருக்குக் குறைகிறது. அப்பாவுக்குச் செய்ய நிறைய இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

சோழநாட்டு வாத்தியார் (திருவாரூர், ஓய்வு)

பயிற்சியாளர் அம்மா நன்றாக எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் பாதி நேரடியாகவே இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றால் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அர்த்தம். "சாப்பிட்டுப் போகலாமே" என்று வாசலில் நின்றபடி சொன்னால் கிளம்பு என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்து இதில் ஊறியவர்களுக்கே சில நேரம் தவறும். அந்த நோயாளி என்ன செய்வார்?

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு

வாத்தியார் ஐயா சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. என் வீட்டுக்காரருக்கும் இதே நோய். வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் "ஆமாங்க, எல்லாம் உங்க நிலம்தான், எடுத்துக்குங்க" என்று எரிச்சலில் சொல்லிவிட்டுப் போனார். இவர் மறுநாள் ஆள் வைத்து வரப்பை வெட்டிவிட்டார். கேட்டால், "அவர்தானே எடுத்துக்கச் சொன்னார்" என்கிறார். குத்தல் பேச்சு குத்தலாகவே கேட்கவில்லை. பஞ்சாயத்து வரைக்கும் போய் வந்தோம்.

பேச்சுப்பயிற்சி தஞ்சை

அக்கா, குத்தலும் பொய்யும் பிடிபடாமல் போவது இந்த நோயின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. குரல் ஏறி இறங்குவதை வைத்துத்தான் நாம் குத்தலைக் கண்டுபிடிக்கிறோம். மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சொல் மட்டும் கேட்கும், தொனி கேட்காது. இதில் பெரிய ஆபத்து பணம். இனிக்க இனிக்கப் பேசி ஃபோனில் ஓடிபி கேட்பவனையும், நகைக்கடனுக்குக் கையெழுத்து கேட்கும் உறவுக்காரரையும் இவர்கள் அப்படியே நம்புவார்கள். வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றி, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்)

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "அன்பு ஹார்மோன்" என்று ஆக்ஸிடோசினைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. மூக்கில் அடித்தால் மூளை நோயாளிக்குப் பாசம் திரும்பிவிடுமாம். ஒருவர் கடைக்கே வந்து கேட்டார், இல்லை என்றதும் "மாட்டுக்குப் பால் இறங்கப் போடுவாங்களே, அதே மருந்துதானே, அதை மூக்கில் விடலாமா?" என்றார்.

விடக்கூடாது. மாட்டுக்கு என்று கள்ளத்தனமாக விற்கும் புட்டியில் என்ன அளவு, என்ன சுத்தம் என்று யாருக்கும் தெரியாது. ஆக்ஸிடோசின் மருத்துவமனையில் பிரசவத்துக்கும், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தவும் பயன்படும் மருந்து. 1953-ல் ஆய்வகத்தில் செய்தார்கள், செய்தவருக்கு 1955-ல் நோபல் பரிசு. அதை மூக்கு ஸ்ப்ரேயாக ஃப்ரன்டோடெம்பொரல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது உண்மை. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய பெரிய சோதனை 2025-ல் வெளிவந்தது. எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருப்பது கொஞ்சம் குறைந்தது, ஆனால் அந்தக் கொஞ்சம் சிறிய அளவுதான். ஆராய்ச்சி தொடரட்டும், அது நல்லதுதான். கடையில் வாங்கி வீட்டில் செய்து பார்க்கும் நிலையில் அது இல்லை.

இன்னொன்று. அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை இந்த வகைக்குப் பலன் தருவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டுகிறது. வேறு எங்காவது பொதுவாக "மறதிநோய்" என்று எழுதிக் கொடுத்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் நரம்பியல் டாக்டரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மாயவரத்தான்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தம்பிக்கு ஹன்டிங்டன் நோய். அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும், அப்போது யாருக்கும் பெயர் தெரியாது, "நரம்புத் தளர்ச்சி" என்றார்கள்.

தெரியாதவர்களுக்காக: கைகால் தன்னிச்சையாக ஆடும் நோய் என்றுதான் இதைச் சொல்வார்கள். ஜார்ஜ் ஹன்டிங்டன் 1872-ல் எழுதினார். வெனிசுவேலாவில் மரக்கைபோ ஏரிக்கரை மீனவக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாய் இந்த நோய் இருந்தது. அந்த மக்கள் கொடுத்த ரத்தத்தை வைத்துத்தான் தேடலை நடத்தினார்கள், 1993-ல் மரபணு கிடைத்தது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு.

ஆட்டம் வருவதற்கு முன்னாலேயே மற்றவர் முகம் தெரியாமல் போகத் தொடங்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. முக்கியமாகக் கோபம், அருவருப்பு, பயம். தம்பிக்குக் கை ஆடுவதற்குச் சில வருஷம் முந்தியே அவன் மனைவி சொன்னாள்: "நான் கோபமா இருக்கேன்னு அவருக்குத் தெரியவே மாட்டேங்குது மாமா. நான் கத்துற வரைக்கும் சிரிச்சுட்டே பேசுறார். கத்தினதும், ஏன் திடீர்னு கத்துறேன்னு அவர் கத்துறார்." அவனைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே திடீர்தான். நடுவில் இருந்த படிகள் ஒன்றுமே அவனுக்குத் தெரியவில்லை.

பயிற்சி பற்றி: ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், ஹன்டிங்டன் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குக் கணினியில் முக உணர்ச்சிகளை இனம்காணக் குறுகிய பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி எடுக்காதவர்களைவிட இவர்கள் நன்றாகச் சொன்னார்கள். வீட்டில் அது சண்டையைக் குறைத்ததா என்பதுதான் எனக்கு வேண்டிய பதில். கணினிப் பயிற்சி இல்லாமலே, தம்பி வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். அவள் கோபம் வரும்போது, கத்தும் அளவுக்குப் போவதற்கு முன்பே, "எனக்குக் கோபம் ஏறுது, கொஞ்ச நேரம் பேச வேண்டாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள். அவன் திண்ணைக்குப் போக வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட வார்த்தை, ஒத்துக்கொண்ட இடம். சண்டை நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு குத்தாலத்துக்குப் பிறந்த வீடு போவது குறைந்திருக்கிறது.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு

பயிற்சியாளர் மேடத்திடம் ஒன்று கேட்கணும். வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறீர்கள். "நான் அழறேன், கையைப் பிடிங்க" என்று கேட்டு வாங்குவது ஆறுதலா? எனக்கு முதலில் அது ரொம்பக் கேவலமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலே "என்னம்மா" என்று கேட்டவர் அவர்.

ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கையை விடவில்லை, நான் எடுக்கும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தார். கேட்டு வாங்கினதுதான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. வெண்ணாற்றங்கரை அக்கா, நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.

சோழநாட்டு வாத்தியார்

எல்லாம் சரி. வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். வெளியே யாரிடமும் நோய் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் மூளை என்று வாயெடுத்தால் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள். பெண்ணோ பிள்ளையோ கல்யாணத்துக்கு இருந்தால் ஜாதகம் வாங்க ஆள் வரமாட்டான்.

மாயவரத்தான்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் அப்பா காலத்தில் அப்படித்தான் மூடினோம். குடித்துவிட்டு ஆடுகிறார் என்றுதான் ஊர் பேசியது. அவர் ஒரு நாளும் குடித்தவரில்லை. மூடியதால் நல்ல பேரும் மிஞ்சவில்லை, உதவியும் வரவில்லை.

கல்யாண விஷயத்தில் மூடுவது இன்னும் பெரிய அநியாயம் என்பது என் கருத்து. எங்கள் நோயில் பிள்ளைகளுக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கும்போது, வருகிற பெண் வீட்டாரிடம் சொல்லாமல் செய்வது எப்படிச் சரியாகும்? மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது 18 வயதான பிள்ளைகள் தாங்களே எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் பேசுவது அவசியம்.

பேச்சுப்பயிற்சி தஞ்சை

வாத்தியார் ஐயாவின் பயம் எனக்குப் புரிகிறது, அப்படி நடந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஊருக்கே தண்டோரா போட வேண்டாம், அவரோடு அன்றாடம் புழங்கும் நாலைந்து பேருக்குச் சொன்னால் போதும். டீக்கடைக்காரர், மளிகைக்கடை, பக்கத்து வீடு, கோயில் குருக்கள், பம்புசெட்டுக்கு வரும் ஆள். நோயின் பெயரைவிட என்ன நடக்கும், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் வேலைக்கு ஆகும்.

மாயவரத்தான் சொன்ன மரபு விஷயத்தில் ஒரு சேர்ப்பு: ஃப்ரன்டோடெம்பொரல் வகை எல்லாமே பரம்பரையாக வருவதில்லை. சில குடும்பங்களில் மட்டும் எம்ஏபிடி, ஜிஆர்என், சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுக்களால் வருகிறது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இதுபோல இருந்ததா என்று டாக்டர் கேட்பது அதற்குத்தான்.

அரசலாறு தம்பிக்குச் சொன்னபடி: உரக்கப் பேசும் பயிற்சி ஒன்று இருக்கிறது, எல்எஸ்விடி என்பார்கள். பார்க்கின்சன் இருந்த லீ சில்வர்மன் என்ற அம்மாளின் பெயரால் 1987-ல் தொடங்கியது. வாரம் 4 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், 4 வாரம். "உரக்க" என்ற ஒரே குறியை வைத்துக்கொண்டு நீட்டி "ஆ" சொல்வதிலிருந்து தொடங்கி அன்றாட வாக்கியங்கள் வரை போகும். குரல் ஏறுவதோடு முகமும் கொஞ்சம் உயிர் பெறுவதைப் பலரிடம் காண்கிறோம், ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. இந்தப் பயிற்சி எடுத்த பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர வேண்டும். மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனையும் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். "தாத்தா முகத்தைப் பார்க்காதே, வார்த்தையைக் கேள்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்பாவிடம், மனசில் தோன்றுவதை அங்கேயே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். "சந்தோஷமா இருக்குடா" என்று வாயால் சொன்னால் போதும். மருத்துவர்கள் உட்பட, இறுகிய முகத்தைப் பார்ப்பவர்கள் ஆள் சிடுமூஞ்சி என்று தப்பாக எடைபோடுவது ஆராய்ச்சியிலேயே பதிவான விஷயம். அதனால் பார்ப்பவரைப் பழக்குவதும் சிகிச்சையில் பாதி.

அரசலாறு

ரொம்ப நன்றி மேடம். பையனிடம் சொன்னேன். "அப்போ தாத்தா உள்ளே சிரிக்கிறாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இப்போது எதையாவது காட்டிவிட்டு "உள்ளே சிரிச்சீங்களா தாத்தா?" என்று அவனே கேட்டுவிடுகிறான். அப்பா "சிரிச்சேன்டா" என்கிறார், முன்பைவிடச் சத்தமாக.

வெண்ணாற்றங்கரை

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. நாற்றங்கால் வேலை, அப்புறம் எங்கள் தெருவிலேயே ஒரு துக்கம். அவரை அழைத்துப் போவதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். போகாவிட்டால் ஊரில் கேட்பார்கள். கடைசியில் பயிற்சியாளர் மேடம் சொன்னதை வைத்துத் தயார் செய்தேன்.

கிளம்பும் முன் காபியும் இரண்டு இட்லியும் கொடுத்துவிட்டேன், பசி இருந்தால் அவருக்கு வேறு நினைப்பே வராது. அவருக்கு இப்போது இனிப்பு ஆசையும் அதிகம், அதனால் சட்டைப்பையில் இரண்டு கடலை மிட்டாய். வாசலில் செருப்பைப் போடும்போது சொன்னேன்: "அவங்க புருஷன் போயிட்டார். எல்லாரும் வருத்தமா இருப்பாங்க. நாம போய் அந்தப் பையன் கையைப் பிடிச்சு, 'தைரியமா இரு தம்பி'ன்னு சொல்லணும். அப்புறம் பெஞ்சில உட்காரணும். நான் எழுந்தா நீங்களும் எழுந்துக்கணும். அங்க வேற ஒண்ணும் பேச வேண்டாம்." திரும்பச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னார். அந்த வீட்டு வாசலில் இன்னொரு முறை, காதோரமாக.

கையைப் பிடித்தார், சொன்னார். அந்தப் பையன் இவர் தோளில் சாய்ந்து அழுதான். இவர் கை கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் "முதுகில் தட்டிக் கொடுங்க" என்றேன். தட்டினார். அவன் விலகும் வரை தட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டோம், அதற்கு மேல் உட்கார வைத்தால் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

அவருக்குள் அது போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். வரும் வழியில் விதைநெல் விலையைப் பேசிக்கொண்டு வந்தார். ஆனால் அந்தப் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவன் அம்மா "உங்க வீட்டுக்காரர் வந்தது பெரிய ஆறுதலா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பினார். அவருடைய பேர் ஊரில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

டீக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். இவர் காசு கொடுக்காமல் வடையை எடுத்துக்கொண்டு வருவார், பக்கத்தில் இருப்பவர் இலையிலிருந்துகூட எடுத்துவிடுவார். "நோட்டில் எழுதிவைங்க தம்பி, வாரக் கடைசியில் நான் தர்றேன். யாராவது அவர்கிட்ட சத்தம் போட்டா, 'அண்ணனுக்கு உடம்பு சரியில்லை'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா, நாங்க வேற மாதிரி நினைச்சிட்டோம்" என்றார். இப்போது இவர் போனால் முதலிலேயே தட்டில் இரண்டு வடை வைத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

சோழநாட்டு வாத்தியார்

டீக்கடைக்காரரிடம் சொன்னது சரிதான் அம்மா. நான் பயந்தது வேறு, நீங்கள் செய்தது வேறு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, அதை வேறொரு நாள் பேசுவோம்.

குடமுருட்டி

இரண்டு நடைமுறைத் தகவல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் இருக்கின்றன. மாவட்ட மருத்துவமனையில் சான்று வாங்க விண்ணப்பியுங்கள், சதவீதத்தைப் பொறுத்து உதவிகள் கிடைக்கும். பார்த்துக்கொள்பவருக்கு மனசு தாங்காதபோது டெலி மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சிக்கு வீட்டுக்கே வருவார்கள், அரசலாறு தம்பி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள்.

வெண்ணாற்றங்கரை

மேடம், ஒரு கேள்வி. அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம், கும்பகோணத்தில் மண்டபம். துக்க வீடு போலப் பத்து நிமிஷத்தில் வர முடியாது. மேளச்சத்தம், நூற்றுக்கணக்கான முகம். என்ன செய்வது?

பேச்சுப்பயிற்சி தஞ்சை

முகூர்த்தத்துக்கு மட்டும் போங்கள், வரவேற்பு வேண்டாம். மேளத்துக்கு அருகில் உட்கார வைக்காதீர்கள். முதல் பந்தியிலேயே ஓரத்து இலையில், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நீங்கள் இருக்கும்படி உட்காருங்கள், பக்கத்து இலையில் கை போகாது. மொய்க் கவரை முன்னாலேயே எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் அவர் கையில் கொடுங்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி, "நல்லா இருங்க". அதைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் சாப்பிடும் நேரத்தில் சொல்லிப் பழக்குங்கள். உங்கள் நாத்தனாரிடமும் இன்றைக்கே ஃபோனில் பேசிவிடுங்கள். உங்களுக்கு மாற்றாக நிற்க ஒருவர் வேண்டும், நீங்களும் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

நாத்தனார் பையன் நிற்கிறேன் என்றிருக்கிறான் மேடம். மாமா என்றால் அவனுக்கு உயிர். அவனுக்கு என்னென்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.